அளவெடுத்துச் செய்த துவக்கு

“இஞ்சருங்கோ, அந்தத் துவக்கை மேசையிலை இருந்து எடுங்கோ. நான் கத்தரிக்காய் வெட்ட வேணும்!”

விமலராணி கத்தியோடு நின்றாள். அகஸ்ரின் அசையவில்லை. ஓர் ஆயிரம் லீரா நோட்டைத் துவக்கின் குழலுக்கும் அடியில் இருந்த மரத்துக்கும் நடுவே செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். நோட்டு எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“போகுது ராணி, போகுது! குழல் மரத்திலை முட்டேல்லை. இனிக் குறி வைச்ச இடத்திலைதான் வெடி விழும்!”

“துவக்குக்குப் பயந்து மன்னாரிலை இருந்து ஓடி வந்த மனிசன், பலெர்மோவிலை துவக்குக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுது. ஆரும் கேட்டால் சிரிப்பினம்.”

அந்த இத்தாலிய நகரத்தின் கால்சாப் பகுதியில் இருந்த பழைய மாளிகையில் அவன் வீட்டு வேலை, அவள் சமையல். வீட்டு ஐயாவை எல்லாரும் ‘கவாலியேரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் சுவரில் தொங்கும் தாத்தாவின் படத்தைக் காட்டுவார். படத்தில் தாத்தாவைவிடக் குதிரை கம்பீரமாக இருக்கும். வீட்டு அம்மா, சினியோரா, அதிகம் பேசுவதில்லை. அவருக்கும் சேர்த்துக் கவாலியேரேயே பேசிவிடுவார்.

அப்படிப் பேசித்தான் துப்பாக்கிக் கழகத்தில் மாட்டிக்கொண்டார். “விலையா சுடுகிறது? ஆள்தான் சுடுகிறான்! கடையில் ஆக மலிவான போல்ட் துவக்கை வாங்கி, என் கையாலேயே திருத்தி, உங்கள் ஜெர்மன் துவக்குகளைத் தோற்கடிக்கிறேன், பாருங்கள்!”

துவக்கை வாங்கி வந்தார். அகஸ்ரினின் கையில் கொடுத்தார். படுக்கப் போய்விட்டார்.

அகஸ்ரின் ஊரில் வள்ளம் கட்டிய தச்சன். குழல் கிடக்கும் பள்ளத்தைச் சுரண்டி அகலமாக்கினான். இரும்பு உட்காரும் இடத்தில் பிசின் வார்த்து ஆட்டத்தை நிறுத்தினான். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளவெடுத்து, தோளில் அண்டும் அடிக்கட்டையை அறுத்தான். கன்னம் வைக்கிற இடத்தில் மேடு கட்டினான். விசையை மட்டும் துவக்குத் திருத்துகிற கடையில் கொடுத்து இளக்கினான். இப்படியே ஆறு கிழமை. கவாலியேரே இடையிடையே கோப்பியோடு வந்து, கழகத்து நண்பர்களிடம், “நான் செதுக்கியிருக்கிற நேர்த்தியைப் பாருங்கள்!” என்பார்.

“எங்கடை விசா பெர்மெஸோ முடிய இன்னும் பத்து நாள்,” என்றாள் விமலராணி. “வேலைக் கடதாசியிலை கையெழுத்து இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசிலை போய் நிண்டால் விசாவோ தரப்போறாங்கள்? இந்தக் கவாலியேரேயும் ஒரு வருசமா ‘நாளைக்கு, நாளைக்கு’ எண்டுது.”

“ஞாயிற்றுக்கிழமை வெண்டால், திங்கட்கிழமை கையெழுத்து. அப்பிடித்தான் பேச்சு.”

“வெல்லாட்டி?”

“பெட்டி கட்டுவம்.”

“உங்களுக்குப் பகிடி!”

ஞாயிறு பூசை முடிந்த கையோடு எல்லாரும் சியாகுல்லித் தோட்டங்களுக்கு அப்பால் இருந்த சுடுதிடலுக்குப் போனார்கள். கவாலியேரே இறகு குத்திய தொப்பியும் புதுக் கால்சட்டையும் போட்டிருந்தார். சினியோரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். போட்டியின் முதல் ஆளாகச் சுட்ட பல் வைத்தியர், ஜெர்மன் துவக்கால் தொண்ணூற்றிரண்டு புள்ளி எடுத்துவிட்டு மீசையைத் தடவினார்.

கவாலியேரே பாயில் குப்புறப் படுத்தார். தொப்பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக நின்றது.

“அகோஸ்தீனோ! இது என்ன, பள்ளிக்கூடப் பிள்ளையின் துவக்கா? கழுத்தை எங்கே வைப்பது?” என்று அகஸ்ரினைப் பார்த்துக் கேட்டார்.

“புதுசுதானே, சினியோரே. பழகப் பழகச் சரி வரும்.”

முதல் வெடியிலேயே அவருடைய பெருவிரல் அவருடைய மூக்கில் இடித்தது. இரண்டாவதில் தொப்பி கழன்றது. பத்தும் முடிந்தபோது புள்ளி நாற்பத்தொன்று. பல் வைத்தியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“துவக்கில் பிழை!” என்று கத்தினார் கவாலியேரே. “இதைத் திருத்தியவன் ஒரு முட்டாள்!”

“நேற்றுவரைக்கும் தான்தானாம் திருத்தினது,” என்று முணுமுணுத்த விமலராணிக்கு உடனே அழுகை வந்தது. “அந்தோனியாரே! முடிஞ்சுது. போய்ப் பெட்டியைக் கட்டுவம், வாங்கோ.”

அகஸ்ரின் வரவில்லை. நுனிக்காலில் நின்று திடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொறும் ராணி. இன்னும் ஒரு ஆள் கிடக்கு.”

“ஆர் சுட்டு எங்களுக்கென்ன?”

“பேசாமல் பாருமப்பா!”

“எட்டாம் இலக்கம்!” என்று கூப்பிட்ட கழகச் செயலாளர், எழுந்து வந்தவரைப் பார்த்ததும் தன் தொப்பியைக் கழற்றினார். “இருபது வருடத்துக்குப் பிறகு வருகிறீர்கள், சினியோரா!”

சினியோரா கைப்பையை விமலராணியிடம் நீட்டிவிட்டு, கணவரின் கையிலிருந்த துவக்கை வாங்கிக்கொண்டு பாயில் படுத்தார். அடிக்கட்டை அவருடைய தோளில் வந்து உட்கார்ந்தது. கன்னம் மேட்டில் பொருந்தியது. விரல் தானாக விசையைத் தொட்டது. பத்து வெடி. அட்டையின் நடுவில் ஒரு காசளவு ஓட்டை. தொண்ணூற்றெட்டு!

கவாலியேரே மூக்கைப் பிடித்தபடி நின்றார். சினியோரா எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டினார்.

“நீ என் கையில் எடுத்த அளவு அச்சொட்டு, அகோஸ்தீனோ,” என்றார். “பேசியபடியே நாளைக் காலையில் கடதாசியைக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்; வீடு என் பெயரில்தானே இருக்கிறது.”