புருவத்துக்குப் போட்ட மருந்து

"மருந்தைக் கண்ணுக்குள்ள போடச் சொன்னாங்களா, புருவத்துக்குத் தடவச் சொன்னாங்களா?"

மனைவி கேட்டதில் தப்பே இல்லை. டிரைவிங் மாஸ்டர் கண்ணாடி முன்னால் ட்யூபும் கையுமாகப் போராடி, புருவம், மூக்கு, சட்டைக் காலர் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்திருந்தார். சிவந்து பீளை கட்டியிருந்த இரண்டு கண்களுக்குள் மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. ட்யூப் கிட்டே வந்தாலே இமை படக்கென்று மூடிக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்? நாள் முழுக்க, "கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு ஓட்டுய்யா!" என்று ஊரையே அதட்டுகிற மனுஷர் வேறு!

"மேலோட்டமான தொற்றுதான், ஆயின்ட்மென்ட் போட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னார். உள்ளே போனாத்தானே சரியாகும்?"

அவளே கீழிமையை வெடுக்கென்று இழுத்து, உள்ளே மெல்லிய கோடாக மருந்தைப் போட்டாள். "கசக்காதீங்க. கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும். மத்தியான வேளைக்கு நான் வந்து போட்டுவிடறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

மாஸ்டர் கட்டிலில் சாய்ந்தார். மாடியில் பீரோ நகர்த்துகிற சத்தம். தம்பி வீடு காலி பண்ணுகிறான். சாயங்காலம் லாரி வருகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று மாசக்கணக்காகிவிட்டது. போவதற்குள் அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வாய் வரவேண்டுமே!

அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். விழிப்பு வந்தபோது இமைகள் பசை போட்டது போல ஒட்டியிருந்தன. கதவு திறந்தது.

"வந்துட்டியா? கை கழுவிட்டு மருந்தைப் போடு. ஸ்டூல் மேல இருக்கு. ட்யூப் நுனி கண்ணுல படக் கூடாது, தெரியும்ல?" படுத்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

காலடி வாசலில் தயங்கி, உள்ளே வந்தது. பிறகு குழாயில் தண்ணீர் கொட்டியது. ஈரத் துணி இமையைத் துடைத்தது. வலது கண்ணுக்குள் மருந்து இறங்கியது. எல்லாம் மங்கலாகத் தெரிய, மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பரவாயில்லையே, காலையில மாதிரி பிச்செடுக்காம மெதுவா போடறே! மாடியில சத்தம் நின்னுடுச்சு பாத்தியா? எல்லாத்தையும் கட்டிட்டான் போல."

ஈரத் துணி இடது இமைக்கு நகர்ந்தது.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன? அவன் ஸ்கூட்டர் எப்பவும் நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு. நான்தான் திரும்பிப் பாக்காம ரிவர்ஸ் எடுத்து இடிச்சேன். நானு! ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்குடுத்து வயிறு வளக்கறவன்! தெருவே சிரிக்குமேன்னு பயந்து, 'உனக்கு வண்டி நிறுத்தத் தெரியலை'ன்னு அவன் மேலயே பாஞ்சேன். 'இஷ்டமில்லைனா கிளம்பு'ன்னு வேற சொல்லித் தொலைச்சேன். அவன் ரோஷக்காரன். கிளம்பறான்."

ஈரத் துணி பாதியில் நின்றது.

"தப்பு என்மேலதான்டா, போகாதடான்னு சொல்லத் தினமும் படிக்கட்டு வரைக்கும் போறேன். அங்க போய் நின்னு, செருப்பைத் தேடற மாதிரி நடிச்சுட்டுத் திரும்பி வந்துடறேன். என்னை மாதிரி ஒரு வீம்பு பிடிச்ச கழுதையை நீ பாத்திருக்கியா? என்ன, நீயும் பேச மாட்டேங்கிறே?"

தலைமாட்டில் போன் அலறியது. தடவி எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னங்க, மீட்டிங் இன்னும் முடியலை. ஆபீஸ்லயே மாட்டிக்கிட்டேன். மருந்து போட இன்னும் கொஞ்சம் நேரமாகும்" என்றாள் மனைவி.

அலறியடித்து எழுந்தவரின் தோளை அதே கை மெதுவாக அழுத்திப் படுக்க வைத்தது.

"மாடி வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். அசையாம படுண்ணா, இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. ராத்திரி வேளைக்கும் நானே வந்து போடறேன்."