முதலில் அணையும் வீடு

"நம்ம வீட்டுக் கரண்டையா முதல்ல நிறுத்துதீங்க, மச்சான்?" சைனப் கணவன் எழுதிய பட்டியலைத் தூக்கிப் பிடித்தாள்.

கொங்கண் கடற்கரைக் கிராமம் ஒன்றில் காற்றாடியும் சூரியத் தகடுகளும் சேர்ந்து பேட்டரியில் மின்சாரம் நிரப்பப் போகின்றன. அதற்கான கன்ட்ரோல் போர்டைத் தன் தாராவிப் பட்டறையில் செய்த ஷேக் பரீத்துக்கே அங்கு இரண்டு வருட வேலை. ஏப்ரல் முதல் தேதி கிளம்ப வேண்டும். கூட வருகிறேன் என்று சைனப் இன்னும் வாய் திறக்கவில்லை.

"பேட்டரி இறங்குனா ஒவ்வொண்ணா நிறுத்தணும்லா? போர்டுக்காரன் வீட்டுல மட்டும் லைட் எரிஞ்சா ஊர்ல காறித் துப்பமாட்டானா?"

"எப்ப இறங்கும்?"

"கோடையில வெயிலு இருக்கு, மழையில காத்து இருக்கு. செப்டம்பர் கடைசியிலதான் ரெண்டும் காலை வாரும்."

சைனப் பென்சிலை எடுத்தாள். வீட்டைக் கீழே இறக்கப் போகிறாள் என்று நினைத்தான் பரீத். அவளோ வீட்டைத் தொடவே இல்லை. அதற்கு அடுத்திருந்த ஆஸ்பத்திரிப் பிரசவ அறையை அடித்துவிட்டு, பட்டியலின் கடைசியில் எழுதினாள்.

"இதை மட்டும் நிறுத்தவே கூடாது."

"அட, அங்க இப்போ மாசமா இருக்கவ ஒருத்திகூட இல்லைன்னு நர்ஸம்மா கடுதாசி போட்டிருக்கா."

சைனப் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்களுக்குப் பதில் போடுங்க மச்சான். செப்டம்பர் பிரசவத்துக்குத் தாராவியிலேர்ந்து ஒருத்தி வாரான்னு."