காலித் தாழி

இறந்தவரை உட்காரவைத்துப் புதைத்த தாழி என்பதால் உள்ளே எலும்பாவது இருக்கும் என்று எல்லோரும் அகழாய்வுக் குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான்கு பேர் மூச்சுப் பிடித்து மூடிக்கல்லைத் தூக்கியபோது உள்ளே ஒன்றுமே இல்லை. மண்கூட இல்லை. பேராசிரியர் முகம் வாடி, மாணவர்களைச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார். படம் எடுக்க வேணியும் இஸ்மாயிலும் மட்டும் தங்கினார்கள். தாழியோடு வைத்து எடுக்கவேண்டிய அளவுகோலை இஸ்மாயில் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அதுக்கென்னடா, நான் உட்கார்றேன். என் உயரம்தான் தெரியும்ல?"

கிடைத்த இன்ஜினியரிங் சீட்டை உதறிவிட்டு வரலாறு படிக்க வந்தவள் வேணி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். முழங்காலை மடக்கி, அதன்மேல் மோவாயை வைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தின.

"இஸ்மாயிலு, உள்ள கதகதப்பா இருக்குடா. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

அவன் அவசரமாக ஒரு படம் எடுத்துவிட்டுக் கையை நீட்டினான். "போதும், வெளிய வா."

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. உற்சாகம் குறையாத குரல் மட்டும் மேலே வந்தது. "மூடியையும் வச்சு ஒண்ணு எடுடா. அப்பத்தான் அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு தெரியும்."

"நாலு பேர் தூக்குனதை நான் ஒருத்தனா எப்படித் தூக்குறது?" என்று சிரித்துக்கொண்டே அவன் கல்லின் விளிம்பில் கை வைத்தான்.

கல் அவன் கையோடு லேசாக எழுந்து வந்தது.