மேலே நின்றவன்

கயிறு நழுவுவதை அவன் கண்ணால்தான் பார்த்தான்.

கைக்குத் தெரியவில்லை.

கப்பியில் தொங்கிய மீன் பெட்டி ஒரு சாண் இறங்கி நின்றது. பெட்டிக்கு நேர் கீழே, படகின் மீன் அறைக்குள், அவன் மனைவியின் தம்பி இஞ்ஞாசி குனிந்து ஐஸை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இன்னொரு கையின் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். ஊறிப்போய்க் கிடந்தது. உள்ளே மூன்று விரல்கள் மெழுகுவத்தி போல வெளுத்திருந்தன.

பகலெல்லாம் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின். பாளத்தை உள்ளே தள்ளத் தள்ளத் தோள்வரை உதறும். சாயங்காலம் படகு வந்தால் சரக்கு இறக்கும் வேலை. நடுவில் சூட்டுக்கு ஒரு பீடி.

விரலுக்கு ரத்தம் ஓடவில்லை, பீடியை விடு, அந்த மெஷினை விடு, குளிரை விடு என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து ஐஸைத் தொட்டான்.

வீட்டில்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

"ஏலே, அங்க என்ன வேடிக்க? ஏலம் ஆரம்பிச்சாச்சு!" படகு டிரைவர் மேலறையிலிருந்து கத்தினார்.

இழுத்தான். விரல் மூடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து இழுத்தான். பெட்டி ஏறியது.

டிரைவர் மறுபடி கத்தினார்.

ஒரு கணம் தலையைத் திருப்பினான்.

கயிறு ஓடியது.

மணிக்கட்டில் போட்ட சுற்று இறுகி அவனை இழுத்துத் தள்ளியது. பலகையில் மோதி விழுந்தான். பெட்டி இஞ்ஞாசியின் தலைக்குச் சற்று மேலே ஆடிக்கொண்டு நின்றது. ஒரு மீன் சரிந்து இஞ்ஞாசியின் தோளில் விழுந்தது.

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "என்ன அத்தான், தூக்கமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி இழுக்க வேண்டும்.

"மாப்ள, அங்கிட்டு ஒதுங்கு."

இஞ்ஞாசி ஒதுங்கினான். மணிக்கட்டுச் சுற்றைத் தளர்த்த, பெட்டி மெல்ல இறங்கி ஐஸில் உட்கார்ந்தது.

"மேல வா. என் கை பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல."

இஞ்ஞாசி ஏறி வந்தான். சிரிப்பைக் காணவில்லை. வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். பிறகு அந்தக் கையை இழுத்து, தன் சட்டைக்குள் விட்டு, கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டான்.

ஏணியில் டிரைவரின் காலடி கேட்டது.

"விடு மாப்ள. வாராரு."

இஞ்ஞாசி விடவில்லை.

விரல்களில் ஊசி குத்தியது. அப்புறம் நெருப்பு. அவன் பல்லைக் கடித்தான்.

"வலிக்கா அத்தான்?"

"வலிக்கி."

இஞ்ஞாசி இன்னும் இறுக்கினான்.

டிரைவர் வந்து நின்றார். அசையாமல் கிடந்த கயிற்றைப் பார்த்தார். கரையில் விலை கூவுவது கேட்டது.

"கீழ யாருல நிக்கது?"

"யாரும் இல்ல" என்றான் இஞ்ஞாசி, அத்தானின் கையை விடாமல்.