நாற்பது மெஷின்கள்

"இன்னிக்கும் ஒரு மெஷின்கூட காலி இல்லையா?"

சாஃப்ட்வேர் டெஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டச்சு செய்து கேட்டால், சோதனை ஓட்டிப் பார்க்கத் தற்காலிகமாக ஒரு கம்ப்யூட்டர் மெஷின் கிடைக்கும்; முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஆபீசுக்கே இருப்பது நாற்பது. முந்தாநாள், தானாகவே கேட்டுக்கொண்டிருக்க ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன புரோகிராமும் எழுதி ஓடவிட்டார். பலனில்லை. சாயங்காலத்துக்குள் சோதனை முடியாவிட்டால் வேலைக்கே உலை.

நேற்று மேனேஜரிடம், "பக்கத்து சீட் அக்காதான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்காங்க சார்" என்று போட்டுக் கொடுத்ததும் இந்த டெஸ்டர்தான். ஒப்பந்த ஊழியர்தானே, அக்காவை மதியமே வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பொறுக்கமாட்டாமல், மெஷின்களைக் கவனித்துக்கொள்ளும் அட்மினிடம் ஓடினார். "அக்கா போயும் மெஷின் வரலையே! யாருகிட்ட இருக்குன்னு பாருங்கண்ணே."

அட்மின் பட்டியலைக் காட்டினார். "நாப்பதும் உங்க பேர்லதான் இருக்கு தம்பி. கிடைச்சதை உங்ககிட்ட சொல்லாம, உங்க ஸ்கிரிப்ட் நிறுத்தாம கேட்டு வாங்கிக்கிட்டே இருக்கு."

டெஸ்டர் பட்டியலை மேலும் கீழும் தேடினார். "அப்ப... அக்கா பேர்ல?"

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. நேத்து அழுதுக்கிட்டே கிளம்பும்போதும் மறக்காம திருப்பிக் குடுத்துட்டுத்தான் போனாங்க. அதையும் அடுத்த நொடியே உங்க ஸ்கிரிப்ட் வாரிக்கிச்சு."