இரண்டாம் ஆண்டில் ஒரு காலியிடம்

பாலிடெக்னிக் முடித்தவர்களை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பெரிய கல்லூரியில் இந்த வருடம் ஒரே ஓர் இடம்தான். முதலாண்டில் யாரோ ஒரு பையன் பாதியிலேயே இல்லாமல் போனதால் காலியான இடம். நேர்காணலுக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று, "என்ன தம்பி, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார். மூன்று வருடம் படித்த பாலிடெக்னிக்கில் கடைசி நாள்கூட "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்கப்பட்டவன் நான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேன்டீன் அக்கா, கேட்காமலேயே சர்க்கரை இல்லாத டீயை நீட்டி, "இளைச்சுட்டியே சாமி" என்றாள். எனக்கு டீ என்றால் பாயசம் மாதிரி இருக்க வேண்டும். ஆனாலும் குடித்துவிட்டேன். மூன்றாவது மாடி வராந்தா முழுக்க என்னைவிட அதிக மார்க் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். உள்ளே மூன்று பேராசிரியர்கள். பாடத்தில் ஒரு கேள்விகூட வரவில்லை. நடுவில் இருந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்போ ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்றார். குரல் உடைந்திருந்தது. என் பெயர் மருதமுத்து, பாதியில் போன அந்தப் பையன் நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சீட்டு போய்விடும். சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. "வருது மேடம்" என்றேன். மூவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஓரத்தில் இருந்தவர் சத்தமில்லாமல் எழுந்து வந்து, எனக்குப் பின்னால் திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.