எட்டாத டம்ளர்

பியூலாவின் குட்டி இங்கிலாந்துக் காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். கணவர் தேவசகாயத்தின் இத்தாலிக் காருக்கு இடப்பக்கம். இரண்டுக்கும் மேல்கூரை கிடையாது. ஷெட்டில் வழக்கமான இடங்களில் நிறுத்தினால் ஸ்டீயரிங் இரண்டும் அக்கம்பக்கமாக வந்துவிடும். ஞாயிறுதோறும் துடைத்து முடித்ததும் அவரவர் காரில் உட்கார்ந்து, ஒரே டம்ளர் டீயைக் கைமாற்றிக் குடித்தபடி சண்டை பிடிப்பார்கள்.

“உன்னது எண்ணெயா ஒழுகுது.”

“உங்களது கத்துறதோட சரி.”

அவளுடைய காரில் ஏறுவதில்லை என்பது அவருடைய இருபது வருஷத்து வீம்பு.

இந்த ஞாயிறு மெக்கானிக் கார்களை இடம் மாற்றி நிறுத்தியிருந்தான். நடுவே இரண்டு காலி சீட்டுகள், டம்ளர் எட்டவில்லை. முனகிக்கொண்டே இறங்கி வந்தவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சீட்டு பரவால்ல. அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டணும்.”

“பாவம், நான் சொன்னதைத்தானே செஞ்சான்,” என்றபடி பியூலா சாவியைத் திருகினாள்.